பத்து இராகங்களும் ஒரு வெள்ளிநிறப் பெட்டியும்

இசைத்தட்டுச் சுழற்றும் கலைஞரை உலகம் இன்று "டீஜே" என்று சுருங்க அழைக்கின்றது. அதன் விரிவாகிய "டிஸ்க் ஜொக்கி" என்னும் பெயர் ஆடலரங்கிற் பிறந்ததென்று பலர் எண்ணுகின்றனர். அது பிறந்த இடம் வானொலி நிலையமே. 1935ஆம் ஆண்டளவில் நியூயோர்க் வானொலியில் இசைத்தட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாய் ஒலிக்கவிட்டு, இடையிடையே நேயருடன் உரையாடி வந்த மார்ட்டின் புளொக் என்பாரைக் குறிப்பிடுதற்கு, வோல்ட்டர் வின்செல் என்னும் பத்திரிகையாளர் இச்சொல்லை வழங்கினார். பந்தயக் குதிரையை ஓட்டுபவன் எவ்வாறு அதன் போக்கறிந்து செலுத்துகின்றானோ, அவ்வாறே இவர் தட்டுகளைச் செலுத்துகின்றார் என்பது கருத்து. அப்பொருளிற் பார்ப்பின், இலங்கை வானொலியின் வர்த்தக சேவையில் தம் குரலாலேயே தென்னிந்தியாவையும் ஈர்த்துவைத்த எஸ். பி. மயில்வாகனனும், அவர்க்குப் பின்வந்த கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீட் முதலியோரும் இக்கலையில் வல்லவர்களே. எத்தட்டின்பின் எத்தட்டு வரவேண்டும், எவ்விடத்திற் பேச்சு நிற்கவேண்டும், எவ்விடத்திற் பாட்டுத் தொடங்கவேண்டும் என்பதை அறிவது எளிய வித்தையன்று.

இன்று அச்சொல்லின் பொருள் மாறிவிட்டது. ஆயிரக்கணக்கானோர் ஆடுகின்ற அரங்கின் முன்னே நின்று, இரு தட்டுகளின் தாளத்தை ஒன்றோடொன்று பொருத்தி, ஓய்வின்றி மணிக்கணக்காக ஒலியை ஓடவிடுபவரே இன்றைய டீஜே. அவருட் பலர் தாமே இசையை ஆக்குபவருமாவர். அவர்தம் இசை வயலினாலோ குழலாலோ எழுவதன்று. இலத்திரன் கருவிகளால் எழுவது. இத்துறையிற் பெயர் பெற்ற நாடு ஜேர்மனி. பேர்லின் நகரின் "டெக்னோ" இசை மரபை, அந்நாட்டார் 2024ஆம் ஆண்டில் தம் தேசத்தின் அருவப் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலிற் சேர்த்துக்கொண்டனர். இரவு விடுதியின் இரைச்சல் என்று ஒருகால் முதியோர் முகஞ்சுளித்த ஒன்று, கோயில் விழாக்களோடும் நாட்டார் கலைகளோடும் ஒரே ஏட்டில் இடம்பெற்றது.

இவ்விசையின் ஊற்றுக்கண்ணைத் தேடிச் செல்வோர் மீண்டும் வானொலி நிலையத்தின் வாயிலுக்கே வந்து சேருவர். இரண்டாம் உலகப் போரின் பின்னர், விலையுயர்ந்த ஒலிப்பதிவுக் கருவிகளும் அவற்றை இயக்கவல்ல பொறியியலாளரும் ஒருங்கே இருந்த இடம் வானொலி நிலையமன்றி வேறில்லை. 1948இல் பாரிஸ் வானொலியிற் பணியாற்றிய பியர் ஷேஃபர் என்பார், புகைவண்டியின் ஒலிகளைப் பதிவு செய்து, அவற்றை இசையாக்கிக் காட்டினார். 1951இல் ஜேர்மனியின் கொலோன் நகர வானொலியில் இலத்திரன் இசைக்கெனவே ஓர் ஆய்வுக்கூடம் தோன்றிற்று. அங்கு 1953இற் சேர்ந்த கார்ல்ஹைன்ஸ் ஸ்டொக்ஹௌசன் என்னும் இளைஞர், அளவுக்கருவிகளாகப் பயன்பட்ட அலையியற்றிகளிலிருந்து தூய ஒலிகளைப் பெற்று, நாடாவின் துண்டுகளைக் கத்தியால் வெட்டி ஒட்டி, சில நிமிட இசைக்கு மாதக்கணக்கில் உழைத்தார். அவர்தம் இசையைக் கேட்டு மகிழ்ந்தோர் மிகச் சிலர். ஆயினும் ஒரு செய்தி உறுதியாயிற்று: நரம்பும் தோலும் துளையும் இன்றியும் இசை பிறக்கக்கூடும்.

இவ்வரிய கலையைத் தெருவுக்குக் கொணர்ந்தவர்கள் டுஸல்டோர்ஃப் நகரில் 1970இல் "கிராஃப்ட்வேர்க்" என்னும் குழுவை அமைத்த ரால்ஃப் ஹியூட்டரும் புளோரியன் ஷ்னைடரும். நெடுஞ்சாலையிற் செல்லும் மோட்டார் வண்டியின் பயணத்தை இசையாக்கி 1974இல் அவர்கள் வெளியிட்ட தட்டு அத்திலாந்திக் கடலைக் கடந்தது. 1977இல் மியூனிக் நகரிலிருந்து ஜோர்ஜியோ மொரோடர், டொனா சமர் என்னும் பாடகியின் குரலுக்குப் பெரும்பாலும் இலத்திரன் ஒலிகளையே பின்னணியாக அமைத்து வெளியிட்ட பாடல், "டிஸ்கோ" ஆட்டத்தின் நாடியையே மாற்றியது. அமெரிக்காவின் டெட்ரோயிட் நகரிலோ, "மோஜோ" என்ற புனைபெயருடன் முகங்காட்டாமலே பேசிய ஒரு வானொலி அறிவிப்பாளர், அந்த ஜேர்மானியத் தட்டுகளை நள்ளிரவில் ஒலிபரப்பினார். கேட்டிருந்த கறுப்பின இளைஞர்கள் சில ஆண்டுகளிற் "டெக்னோ"வைப் படைத்தனர். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ஜேர்மானிய டீஜே பால் வான் டைக் 1971இற் கிழக்கு ஜேர்மனியிற் பிறந்தவர். இவ்விசைத் தட்டுகள் கிடையாத அந்நாட்டில், மதிலுக்கு அப்பாலிருந்து வந்த மேற்கு பேர்லின் வானொலியே அவருக்கு இசைப்பள்ளியாயிற்று. மதில் இடிந்தபின், 1991இல், அவர் முதன்முதலாகப் பேர்லின் அரங்கொன்றில் தட்டுச் சுழற்றினார். மதிலால் மனிதரைத் தடுக்க முடிந்தது. சிற்றலையையும் மத்திய அலையையும் தடுக்க முடிந்ததில்லை.

இப்பெயர்களின் வரிசையில், 2010ஆம் ஆண்டில், எவரும் எதிர்பாராத ஓர் இந்தியப் பெயர் வந்து புகுந்தது. சரண்ஜித் சிங் என்பது அப்பெயர். பம்பாய் நகரில் எழுபது வயதை எட்டிக்கொண்டிருந்த அவர் டீஜேயும் அல்லர். ஆடலரங்குகளை அறிந்தவரும் அல்லர். திரைப்படப் பாடல்களுக்குப் பின்னணி வாசித்து வாழ்ந்த வாத்தியக்காரர்.

1940இற் பிறந்த சரண்ஜித் சிங், 1960களிலும் 1970களிலும் பம்பாய்த் திரையிசைக் குழுக்களில் கித்தார், பேஸ் கித்தார், பின்னர் மின்விசைக் கருவிகள் என்பவற்றை வாசித்தார். சங்கர் - ஜெய்கிஷன், எஸ். டி. பர்மன், அவர் மகன் ஆர். டி. பர்மன், லக்ஷ்மிகாந்த் - பியாரேலால் ஆகிய இசையமைப்பாளர் பலரிடமும் அவர் பணியாற்றினார். 1971இல் வெளிவந்த "ஹரே ராமா ஹரே கிருஷ்ணா" படத்தின் புகழ்பெற்ற "தம் மாரோ தம்" பாடலில் "திரான்சிக்கோர்ட்" என்னும் மின்விசை அக்கோடியனை வாசித்தவர் அவரே. அக்கால இசைத்தட்டுகளின் உறைகளிற் பாடகர் பெயர் இருக்கும், இசையமைப்பாளர் பெயர் இருக்கும், பாட்டெழுதியவர் பெயரும் இருக்கும். வாத்தியக்காரர் பெயர் பெரும்பாலும் இராது. பி. வி. கேஸ்கர் இந்திய அமைச்சராகி 1952இன் பின் அகில இந்திய வானொலியிற் திரைப்பாடல்களை ஒதுக்கியபொழுது, அவ்விசையைக் கைவிடாது ஆசியா முழுதும் பரப்பியது கொழும்பிலிருந்து எழுந்த ஒலிபரப்பு. அதன் நேயர்கள் சரண்ஜித் சிங் போன்றோரின் விரல்களைப் பன்முறை கேட்டிருப்பர். பெயரை மட்டும் கேட்டிரார்.

புதிய கருவிகளில் அவருக்குத் தணியாத வேட்கை இருந்தது. 1980களின் தொடக்கத்திற் சிங்கப்பூரில், யப்பான் நாட்டு ரோலண்ட் நிறுவனத்தின் மூன்று கருவிகளை அவர் வாங்கினார். ஒன்று "ஜூப்பிட்டர் 8" என்னும் பெரிய ஒலியாக்கி. ஒரே நேரத்தில் எட்டு ஒலிகளை எழுப்ப வல்லது. இரண்டாவது "டி. ஆர். 808" என்னும் தாளப்பொறி. மூன்றாவது, "டி. பி. 303" என்னும் சிறிய வெள்ளிநிறப் பெட்டி. நம் கதைக்கு முதன்மையானது இம்மூன்றாவதே.

இப்பெட்டியின் நோக்கம் மிக எளியது. தனியே இருந்து கித்தார் பழகுவோர்க்குத் துணையாக, பேஸ் கித்தார்க் கலைஞர் ஒருவருக்குப் பதிலாக நின்று அடிநாதம் வாசிக்க வேண்டும் என்பதே அதனை வடிவமைத்த டடாவோ கிக்குமோட்டோவின் எண்ணம். பதினாறு படிகள் கொண்ட ஒரு கோவையில், ஒவ்வொரு படியிலும் எச்சுரம் ஒலிக்கவேண்டும், எது அழுத்தமாக ஒலிக்கவேண்டும், எச்சுரத்திலிருந்து எச்சுரத்திற்கு வழுக்கிச் செல்லவேண்டும் என்று முன்கூட்டியே பதிந்துவிட்டால், பெட்டி அதனைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே இருக்கும். மருதமுனைத் தறிக்காரர் ஒருவர்க்கு இதனை விளக்குதல் எளிது. புடவையின் கரையில் ஒரு கொடி ஓட வேண்டுமாயின், எப்பாவிழை மேலே எழ வேண்டும், எது கீழே தாழ வேண்டும் என்பதை முதலிலேயே ஒழுங்கு செய்கின்றார். பின் நாடா ஓட ஓட அக்கொடி முழத்துக்கு முழம் தன்னைத்தானே திருப்பி எழுதிக்கொண்டு போகின்றது. பதினாறு படிப் பெட்டி ஒலியைக்கொண்டு நெய்கின்ற தறியேயாம். ஒரு வேறுபாடுண்டு. தறியில் நெய்த பூ மாறாது. பெட்டியிலோ, ஓடிக்கொண்டிருக்கும்பொழுதே சில குமிழ்களைத் திருப்பி, அதே கோவையை மங்கலாகவும் கூர்மையாகவும், முனகுவது போலவும் கீச்சிடுவது போலவும் ஒலிக்கச் செய்யலாம். இழையின் வரிசை மாறாது. நிறம் மாறிக்கொண்டே இருக்கும்.

உண்மையான பேஸ் கித்தாரின் ஒலி இப்பெட்டியிலிருந்து ஒருபொழுதும் எழவில்லை. அதிற் சுரங்களைப் பதிவதும் பெருந்தொல்லை. 1981இல் விற்பனைக்கு வந்து, ஏறத்தாழப் பத்தாயிரம் பெட்டிகளின் பின், 1984இல் அதன் உற்பத்தி நின்றது. உரிய காரியத்துக்கு உதவாத கருவி என்று கடைக்காரர்கள் அதனை அடிவிலைக்குத் தள்ளிவிட்டனர்.

பம்பாயில் அது "டிஸ்கோ" காலம். 1980இல் "குர்பானி" படத்திற்காகப் பித்து என்பார் இசையமைக்க, நாஸியா ஹசன் என்னும் சிறுமி பாடிய பாடல் நாடெங்கும் ஒலித்தது; 1982இல் "டிஸ்கோ டான்ஸர்" படமும் வந்தது. எல்லோரும் அத்தாளத்திற்குப் பாட்டு அமைத்தார்கள். சரண்ஜித் சிங்கிற்கு வேறோர் எண்ணம் உதித்தது: பாட்டை நீக்கி, தபேலாவை நீக்கி, அத்தாளத்தின்மேல் இராகங்களை வாசித்தால் என்ன? அவர் இளமையிலேயே இந்துஸ்தானி இசை பயின்றவர். இராகங்களின் உருவம் அவர் விரல்களில் இருந்தது. வீட்டிற் கருவிகள் மூன்றையும் ஒன்றோடொன்று இணைத்துப் பழகிய பின்னர், 1982இல் எச். எம். வி. நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்தில், இரண்டே நாட்களிற் பத்து இராகங்களைப் பதிவு செய்தார். "டிஸ்கோத் தாளத்திற்குப் பத்து இராகங்கள்" என்னும் பொருள்படும் ஆங்கிலத் தலைப்புடன் அது தட்டாக வெளிவந்தது.

அவர் தேர்ந்த இராகங்களுட் பல, கருநாடக இசையில் வேறு பெயர்களாற் தமிழ் நேயர்க்கு நன்கு பழக்கமானவை. பூபாலி என்பது நம் மோகனம். மால்கௌன்ஸ் என்பது இந்தோளம். பைராகி, ரேவதிக்கு நேரானது. கலாவதி, வலசிக்கு நேரானது. யமன் நம் கல்யாணியின் உடன்பிறப்பு. மதுவந்தி தர்மவதியின் சுரங்களைத் தழுவியது. இந்துஸ்தானித் தோடியோ, பெயரில் மட்டும் நம் தோடி; சுரங்களிற் சுபபந்துவராளி. இவற்றிற் பலவற்றுக்கு உரிய நேரம் வகுக்கப்பட்டுள்ளது. வைகறைக்குரிய லலித்தும் நள்ளிரவுக்குரிய மால்கௌன்ஸும் ஒரே தட்டில் ஒரே வேகத்தில் ஓடுவதைக் கேட்கின்ற வித்துவான் ஒருவர் காதைப் பொத்திக்கொள்வாராயின் அவரைக் குறைகூறுதல் தகாது.

எனினும், இராகத்தைக் கட்டைகள் பொருத்திய ஒரு பொறியில் வாசிக்கலாமா என்னும் வினா சரண்ஜித் சிங்கோடு தோன்றியதன்று. ஆர்மோனியத்தைப்பற்றி இதே வழக்கு முன்னர் எழுந்தது. அதன் சுரங்கள் படிக்கட்டுகள் போன்றவை. ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்குத் தாவலாமேயன்றி வழுக்க இயலாது. கமகத்திற்கும் நுண்சுருதிக்கும் அங்கு இடமில்லை. இக்காரணத்தாலேயே அகில இந்திய வானொலி 1940ஆம் ஆண்டு முதல் 1971ஆம் ஆண்டு வரை ஆர்மோனியத்தைத் தன் ஒலிபரப்பிலிருந்து விலக்கி வைத்தது. முப்பதாண்டுத் தடை! அக்கண்கொண்டு நோக்கின் ஒரு வியப்பு வெளிப்படும். மரத்தாலும் காற்றாலும் ஆகிய ஆர்மோனியம் செய்ய இயலாத ஒன்றை, இரும்பும் கம்பியும் ஆகிய இப்புதுப் பொறிகள் செய்தன. "ஜூப்பிட்டர் 8" ஒலியாக்கியில் ஒரு கட்டையிலிருந்து மறு கட்டைக்கு ஒலி வழுக்கிச் செல்லும் வசதியுண்டு. வெள்ளிநிறப் பெட்டியிலும் அவ்வாறே. இந்துஸ்தானி வித்துவான்கள் "மீண்ட்" என்றும், நம்மவர் "ஜாரு" என்றும் சொல்லும் அசைவுக்கு அது முற்றும் ஈடாகாது. வழுக்கலின் வேகம் விரலால் அமைவதன்று. ஆயினும் தட்டைக் கேட்போர் இராகத்தின் முகத்தை இன்னதென்று அறிந்துகொள்கின்றனர். இராகத்திற்கு எதிரி பொறியன்று என்பதற்கு இஃது ஒரு சான்று. அன்றியும், அடியில் இடையறாது சுழலும் வெள்ளிப்பெட்டியின் கோவை தம்புராவின் சுருதியைப் போல் நின்று தாங்குகின்றது. ஐரோப்பிய ஆடலிசை தன் போக்கிற் தேடிச் சென்ற ஒற்றைச் சுருதி, இந்திய இசையிற் தொன்றுதொட்டே இருப்பது.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். இராகத்தின் உயிர் ஆலாபனையில் உள்ளது. தாளமின்றி, அவசரமின்றி, சுரம் சுரமாக அதன் உருவம் மலர்கின்றது. ஐந்து நிமிடத்துக்குச் சற்றுக் கூடியோ குறைந்தோ அமைந்த இத்தட்டின் பகுதிகளில் அதற்கு நேரமேது? தாளத்தின் நிலையோ அதனினும் மோசம். ஆதிதாளத்திலும் தீன்தாலிலும் ஒரு சுழற்சியுண்டு. புறப்படுதல், விலகுதல், மீண்டும் சமத்தில் வந்து சேர்தல் என்னும் நாடகம் உண்டு. "808" பொறியின் தாளத்தில் ஒவ்வோர் அடியும் ஒரே கனத்தில் விழுகின்றது. எவ்வடியும் சமந்தான், எனவே எதுவும் சமம் அன்று. கலைஞன் எத்துணைத் தூரம் சென்று மீண்டாலும், பொறி அவனை எதிர்கொண்டு தலையசைப்பதில்லை.

ஆனால் ஆடுபவனின் நோக்கு வேறு. கிழக்கிலங்கை முஸ்லிம் ஊர்களிற் பொல்லடி பார்த்தவர்கள் இதனை உணர்வார்கள். வட்டமாய் நின்று கோலொடு கோல் தட்டி ஆடும்பொழுது, அண்ணாவியார் பாட்டை மெல்லத் தொடங்குகின்றார். ஒரே அடி, ஒரே சொல், மீண்டும் அதே அடி. பின் வேகம் ஏறுகின்றது. பார்ப்பவனுக்கு அது ஒரே ஒலியின் மீளொலி. ஆடுபவனுக்கோ, எண்ணிக்கை மறந்து, தன் கோல் எது அயலான் கோல் எது என்னும் பேதம் மறந்து போகும் ஒரு நிலை. மாறாத அடியே அந்நிலைக்கு வாயில். பேர்லினிலும் சிக்காகோவிலும் ஆடுபவர்கள் தேடுவதும் அதுவே. எனவே, கச்சேரி மண்டபத்திலிருந்து பார்ப்பவன் குறையென்பதை ஆடலரங்கிலிருந்து பார்ப்பவன் நிறையென்பான். சரண்ஜித் சிங்கின் தட்டு இவ்விரண்டுக்கும் நடுவே நின்றது. அதனாற்போலும் அக்காலத்தில் இருசாராரும் அதனை வாங்கவில்லை.

தட்டு விலைபோகவில்லை. வித்துவான்கள் அதனைப் பொருட்படுத்தவில்லை. டிஸ்கோ விரும்பிகளோ அதிற் பாட்டைத் தேடி ஏமாந்தனர். சரண்ஜித் சிங் மனமுடைந்ததாகத் தெரியவில்லை. தொழில் வாத்தியக்காரருக்குத் தோற்ற தட்டு ஒன்று, முடிந்த நாட்கூலி போன்றது. விருந்துகளிலும் திருமணங்களிலும் அவர் இசைக்குழு நடத்தினார். மனைவி சுபர்ணா பாடினார்.

இதற்கிடையில், உலகின் மறுபுறத்தில், சிக்காகோ நகரின் அடகுக்கடைகளிலும் பழம்பொருட் கடைகளிலும் அதே வெள்ளிநிறப் பெட்டிகள் மலிவாகக் கிடந்தன. விலையுயர்ந்த கருவி வாங்க வகையற்ற கறுப்பின இளைஞர் மூவர் அதிலொன்றை வாங்கினர். டீஜே பியர், ஸ்பாங்கி, ஹேர்ப் ஜே என்பன அவர்கள் பெயர். பெட்டியை இயக்கும் முறை அவர்களுக்குத் தெரியவில்லை. குமிழ்களைக் கண்டபடி திருப்பினர். எவரும் அதுவரை கேட்டிராத, வளைந்து நெளிந்து அழுவது போன்ற ஓர் ஒலி எழுந்தது. அந்நாடாவை "மியூசிக் பொக்ஸ்" என்னும் அரங்கின் டீஜே ரொன் ஹார்டி ஒரே இரவில் நான்குமுறை போட்டார் என்றும், முதன்முறை அரங்கு வெறிச்சோடியது, நான்காம் முறை கூட்டம் வெறிகொண்டு ஆடியது என்றும் அவர்கள் பின்னாளிற் சொல்லியிருக்கின்றனர். 1987இல் அது தட்டாக வெளிவந்தது. "அசிட் ஹௌஸ்" என்னும் இசைவகை அதிலிருந்தே பெயர் பெற்று, இங்கிலாந்துக்கும் ஜேர்மனிக்கும் சென்று, ஒரு தலைமுறையையே ஆட்டுவித்தது. அடகுக்கடைப் பெட்டியின் விலை அன்று முதல் ஏறத் தொடங்கியது. இன்று பழைய "303" ஒன்றைப் பெரும் பணக்காரரே வாங்கக்கூடும்.

எடோ பௌமன் என்னும் ஒல்லாந்தர் ஒருவர் இந்தியப் பழந்தட்டுகளைத் தேடுபவர். 2002இல் டில்லியில் அவர் கையில் சரண்ஜித் சிங்கின் தட்டு அகப்பட்டது. ஊசியை வைத்துக் கேட்டதும் திகைத்தார். 1987இற் சிக்காகோவிற் பிறந்ததாக உலகம் நம்பிய ஒலி, 1982ஆம் ஆண்டுப் பம்பாய்த் தட்டொன்றில் ஒலித்தது! அதனை ஆக்கியவரைத் தேடிப் பம்பாய்க்குச் சென்றார். தம் வீட்டிற் கருவிகளோடு அமைதியாக வாழ்ந்து வந்த முதியவரைக் கண்டார். 2010இல் தம் சிறு நிறுவனத்தின் வாயிலாக அத்தட்டை மீண்டும் வெளியிட்டார்.

கேட்டவர்களுட் சிலர் நம்ப மறுத்தனர். ஐரோப்பியக் கலைஞன் எவனோ அண்மையில் ஆக்கிய இசையைப் பழைய உறையிலிட்டு ஏமாற்றுகின்றான் என்றனர். ஆங்கில இசைக்கலைஞர் ஒருவரின் பெயரைக்கூடச் சந்தேகத்துடன் குறிப்பிட்டனர். எச். எம். வி. வெளியிட்ட மூலத்தட்டுகள் இருந்தன. வாசித்த மனிதரும் உயிரோடிருந்தார். இருந்தும் ஐயம் எழுந்தது. இவ்வையத்திற்குள் ஒளிந்திருந்த எண்ணம் யாது? இத்தகைய புதுமை பம்பாயில் நிகழ்ந்திராது என்பதன்றி வேறென்ன? கிழக்கே பழமை, மேற்கே புதுமை என்று வகுத்து வைத்திருப்போர்க்கு, பழைய இராகமும் புதிய பொறியும் ஒரே மனிதனின் மடியில் இருந்தது பொறுக்கவில்லை.

ஐயம் நீங்கிய பின்னர் அதற்கு நேர்மாறான மிகை வந்தது. "அசிட் ஹௌஸைக் கண்டுபிடித்தவர் ஓர் இந்தியர்" என்று இந்தியப் பத்திரிகைகளும் மேலைப் பத்திரிகைகளும் எழுதின. நம் நாட்டவர் பெயர் முன்னே வரும்பொழுது மனம் மகிழ்வது இயல்பே. ஆயினும் உண்மை அவ்வாறன்று. சிக்காகோ இளைஞர்கள் சரண்ஜித் சிங்கின் தட்டைக் கேட்டதற்குச் சான்றில்லை. விலைபோகாத ஒரு பம்பாய்த் தட்டு அவர்கள் கைக்கு எட்டியிருத்தல் அரிது. முந்தியது எல்லாம் காரணமாகிவிடாது. தந்தை என்று சொல்வதற்குப் பிள்ளை வேண்டும். சரண்ஜித் சிங்கின் தட்டுக்கு முப்பதாண்டுகள் வரை பிள்ளையே இல்லை. அந்த மூவரும் தம் காதையன்றி வேறெவரையும் பின்பற்றாது கண்டதை அவர்களிடமிருந்து பறித்து இன்னொருவருக்குச் சூட்டுவது நீதியாகாது. சரண்ஜித் சிங்கும் அவ்வுரிமையைத் தேடி அலையவில்லை. அவர் எண்ணம் இராகத்தை வாசிப்பது. தாளத்தை மாற்றிப் பார்ப்பது. அவ்வளவே.

அவ்வாறாயின் ஒலிகள் ஒத்திருப்பதற்குக் காரணம் யாது? கருவிதான். இரு வேறு நாட்டில், ஒருவரையொருவர் அறியாத இரு தச்சர், ஒரே வகை வாய்ச்சியைக் கொண்டு மரத்தைச் செதுக்கினாற் சீவல்கள் ஒன்று போலவே சுருளும். ஆயினும் அம்மரத்திலிருந்து ஒருவர் வள்ளம் செய்வார், மற்றவர் கதவு செய்வார். சிக்காகோக்காரர் வெள்ளிப்பெட்டியின் குமிழைத் திருப்பி ஒலியின் நிறத்தையே பாட்டாக்கினர். சுரம் அங்கு முக்கியமன்று. சரண்ஜித் சிங்கிற்கோ சுரமே எல்லாம். பெட்டி அடியில் நின்று தாங்கினாற் போதும். இவ்வேறுபாட்டைச் செவியாற் கண்டறிந்தவர்க்கு, "முதலில் யார்?" என்னும் வினா சுவையற்றதாகிவிடும்.

இக்கதையில் எவரும் அதிகம் பேசாத ஒரு பக்கமும் உண்டு. திரையிசைக் குழுவில் வாசித்து உண்டவர் சரண்ஜித் சிங். வயலின் வரிசைகளும் செலோக்களும் குழல்களும் தாள வாத்தியங்களுமாகப் பல பத்துக் கலைஞர் ஒரே கூடத்தில் ஒருங்கமர்ந்து வாசித்தனர். ஒருவர் பிழைத்தால் எல்லோரும் தொடக்கத்திலிருந்து வாசிக்க வேண்டும். தாளப்பொறியும் ஒலியாக்கியும், பின்னர் கணினியும் வந்தபொழுது அக்கூடங்கள் மெல்ல மெல்ல வெறுமையாயின. சென்னையில் 1986ஆம் ஆண்டின் "புன்னகை மன்னன்" படத்தில் இளையராஜா கணினியைக் கொண்டு இசையமைத்தார். 1992இல் "ரோஜா" வந்தது. அதன் இசையமைப்பாளர் ஏ. ஆர். ரகுமானின் வீட்டோடமைந்த ஒலிப்பதிவுக் கூடம், பழைய பெருங்கூடங்களின் இடத்தை எடுத்துக்கொண்ட புதிய முறைக்குச் சின்னமாயிற்று. இவை அரிய இசை, அதில் ஐயமில்லை. ஆயினும் நாற்பது வயலின்களின் வேலையை ஒரு கட்டைப்பலகை செய்யத் தொடங்கியபொழுது, அந்நாற்பதின்மர் வீட்டு அடுப்பில் என்ன வெந்தது என்று கேட்போர் சிலரே. மருதமுனை போன்ற ஊர்களுக்கு இவ்வினா புதிதன்று. 1977இன் திறந்த பொருளாதாரக் கொள்கையின் பின்னர் இறக்குமதித் துணிகள் வந்து குவிந்தபொழுது, ஊரெங்கும் ஒலித்த தறிகளின் ஓசை குறைந்தது. நெசவை விட்டவர் பலர், விடாது புது வண்ணமும் புதுக் கரையும் கண்டு நின்றவர் சிலர். சரண்ஜித் சிங் அவ்விரண்டாம் வகையினர். தம் தொழிலை விழுங்க வந்த பொறியைத் தாமே வாங்கியவர் அவர். அதனை வேறெவர் கையிலும் விடாது, தம் இராகத்திற்குப் பணிசெய்ய வைத்தார். எல்லா வாத்தியக்காரருக்கும் அவ்வாறு செய்ய இயன்றதா எனின், இல்லை. சிங்கப்பூர் சென்று கருவி வாங்கப் பணம் வேண்டும்.

இந்தியாவின் இலத்திரன் இசை அவரோடு தொடங்கியதும் அன்று. 1969இல், அகமதாபாத் நகரின் தேசிய வடிவமைப்புக் கழகத்தில், அமெரிக்கக் கலைஞர் டேவிட் டியூடரின் உதவியுடன் "மூக்" ஒலியாக்கி ஒன்று நிறுவப்பட்டது. கீதா சாராபாய், ஐ. எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ். சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் 1972 வரை அங்கு ஆக்கிய நாடாக்கள் நெடுங்காலம் அலமாரியிற் கிடந்தன. 2023இலேயே அவை இசைத்தட்டாக வெளிவந்தன. சரண்ஜித் சிங் அவற்றைக் கேட்டிருக்க வாய்ப்பில்லை. ஒரே நாட்டில், பதின்மூன்று ஆண்டு இடைவெளியில், ஒருவர் செய்ததை மற்றவர் அறியாமலே இருமுறை தொடங்கி இருமுறை மறந்த கதை இது.

மீள்வெளியீட்டின் பின்னர் ஐரோப்பிய அரங்குகள் அவரை அழைத்தன. எழுபதைக் கடந்த வயதில், வெண்தலையுடன், அதே யப்பானியக் கருவிகளின் முன் நின்று, தம் பேரப்பிள்ளைகள் வயதினர் ஆடிக்கொண்டிருக்க, அவர் கல்யாணியையும் மோகனத்தையும் வாசித்தார். ஆடியவர்களுட் பெரும்பாலோர்க்கு அவை இராகங்கள் என்பதே தெரிந்திராது. 2015ஆம் ஆண்டு ஜூலை மாதம், எழுபத்து நான்காம் வயதில், மும்பையில் தம் இல்லத்தில் அவர் காலமானார். அவர் வாசித்த திரைப்பாடல்கள் இன்றும் வானொலியில் ஒலிக்கின்றன. அறிவிப்பாளர் பாடகரின் பெயரைச் சொல்கின்றார், படத்தின் பெயரைச் சொல்கின்றார்.